ஒரு சமக்குறி

கான்கால் கரையில்
சிப்பிக் கூடைகளுக்குக் கணக்கெழுதும் நோல்வென்
கடல் வற்றும் நேரம் சொல்லும் நிரலைத்
திறந்து பார்த்தாள்.
யாரும் திறக்கலாம், அப்படியொரு நிரல்.

சரியாக நள்ளிரவில் வற்றினால் மட்டும்
அது எந்த நாளிலும் இல்லை.
நேற்றும் ஏற்கவில்லை,
இன்றும் ஏற்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
'விடப் பெரிது' என்றிருந்ததன் பக்கத்தில்
ஒரு சமக்குறி போட்டாள்.
மன்னிப்புக் கேட்டு மூன்று பத்தி எழுதி
மூன்றையும் அழித்துவிட்டு
அனுப்பினாள்.

பதினோரு நாள் பேச்சில்லை.
உருளைக்கிழங்கு உரிக்கையில்
அந்தச் சமக்குறிமேல் சந்தேகம் வந்தது.

பிறகு மொந்தெவிடேயோவிலிருந்து ஒருவர்:
"சோதனை எங்கே?"
ஒரு வணக்கம்கூட இல்லை.
கோபத்தோடே எழுதினாள் சோதனையை.
எழுதும்போது பிப்ரவரி இருபத்தொன்பதில்
இன்னொரு ஓட்டை தட்டுப்பட்டது.

"சேர்த்தாயிற்று.
எங்கள் ஆற்று முகத்தில்
ஏற்றவற்றம் பார்த்து யாரும் போவதில்லை,
காற்றுதான் எல்லாம்.
ஆனாலும் நன்றி."

அந்த வியாழன்
கொழுந்தன் க்வெனாயேல்
கைபேசியில் 00:00 பார்த்து
டிராக்டரைச் சேற்றில் இறக்கினான்.
இரண்டு மணிக்குத் திரும்பி
காலுறையை அடுப்பருகே போட்டான்,
குளிரைத் திட்டினான்,
நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பிப்ரவரியைத் திறந்தாள்.