பன்னிரண்டு நாள், பதினொரு கூலி

திருமதி கோசுட்டா,
சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.
கணக்குச் சீட்டும் அதோடு இருக்கிறது.
பன்னிரண்டு நாளுக்கல்ல, பதினொன்றுக்கு.

நீங்கள் எழுதி வைத்தது மூன்று தாள்,
அடிக்கோடிட்ட வரிகள் பதினேழு.
காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஊசி,
சாப்பிட்ட பிறகே,
பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி.
தண்ணீர்க் கிண்ணம் சோற்றுக் கிண்ணத்தின் பக்கம் வரக்கூடாது.
போரா காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும்
பால்கனிக் கதவுக்கு இரண்டு தாழ்.
நாளுக்கொரு படம்.
நாளுக்கு இருபத்துநான்கு யூரோ.
நியாயமான பேரம்தான், குறை சொல்லவில்லை.

ரெஃபோலோ முதல் மூன்று நாள்
என்னைப் பார்க்கவே மறுத்தது.
பீரோவுக்கு அடியில் இரண்டு பச்சை விளக்கு.
தரையில் குப்புறப் படுத்து
என் மின்கட்டணச் சீட்டை உரக்கப் படித்தேன்.
பூனையிடம் பேச எனக்கு வேறென்ன இருக்கிறது?
நிலுவைத் தொகைக்கு வந்தபோது
வெளியே வந்து என் முழங்கையை முகர்ந்தது.
அரை மணி வேலை ஒன்றரை மணியானது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை,
அது என் ஆசை.

எட்டாம் நாள் மாலை
தின்றது, ஊசி போட்டேன்,
கோட்டை மாட்டும்போது
தின்றதையெல்லாம் கம்பளத்தில் வைத்தது.
தாள்படி ஏழரைக்கு நான் கிளம்பியிருக்கலாம்.
கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பதுக்கு அதன் நடை கோணியது,
பின்னங்கால் நடுங்கியது.
வெளியே மழை படுக்கைவாட்டில் பெய்தது.
தேன் எங்கே இருக்கிறதென்று தாளில் இல்லை.
மூன்றாம் அலமாரி, சோம்பு டப்பாவுக்குப் பின்னால்.
விரலில் தொட்டு ஈறில் தடவினேன்.
கடித்தான்.
கடிக்கட்டும், கடிக்கத் தெம்பிருக்கிறதே.
டாக்சிக்காரர் இருக்கையில் முடி கொட்டும் என்றார்.
இரட்டைக் கட்டணம் என்றதும் கதவைத் திறந்தார்.
ரசீது இணைத்திருக்கிறேன்.

உங்களை அழைக்கக் கைபேசியை எடுத்தேன்.
அன்று மதியம் எழுதியிருந்தீர்கள்:
"டோரியானாவுக்கு வலி எடுத்துவிட்டது. தாலினில் ஒரே பனி."
மகள் பிரசவ அறைக்குள் இருக்க
வாசலில் நிற்கிற தாயிடம்
பூனையைப் பற்றி எந்த வாயால் சொல்வது?
கை தானாக முந்தின நாள் படத்தைத் தேடியது.
ஜன்னல் திட்டு, வெயில், மல்லாந்த வயிறு.
அனுப்பினேன்.
கூடவே ஒரு சிவப்பு இதயம்.

இரவு இரண்டு மணி,
அவன் காலில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.
உங்கள் பதில் வந்தது:
"ஆண் குழந்தை. மூன்று கிலோ நூறு.
நிவெஸ், திரியெஸ்தேவில் இன்று வெயிலா?"

இருபது வருடம் துறைமுகச் சுங்கத்தில்
அடுத்தவர் நிரப்பிய படிவங்களைச் சரிபார்த்தவள் நான்.
பொய்ப் படிவம் தூரத்திலேயே நாறும்.
என்னுடையது தாலின் வரைக்கும் நாறியிருக்கிறது.
எல்லாவற்றையும் எழுதினேன்,
தேன், கடி, டாக்சி, படம்.

நாற்பது நிமிடம் உங்களிடமிருந்து ஒன்றுமில்லை.
பிறகு:
"அடுத்த முறை எழுப்புங்கள். நான் எதற்கு நடுவில் இருந்தாலும்."
அந்த 'அடுத்த முறை'யை
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
நாலைந்து தடவை படித்தேன்.

ஆகவே எட்டாம் நாளுக்குக் கூலி இல்லை.
ஓடியதற்கு உண்டே என்பீர்கள்.
அந்த இருபத்துநான்கில் படமும் அடக்கம், அம்மா.
அன்றைய படத்தை நான் தரவில்லை.

தேன் ஜாடியை முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறேன்.
நான்காம் தாள் ஒன்று, என் கையெழுத்தில்,
குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.
அடுத்து வருபவருக்கு,
அது நானாக இல்லாவிட்டாலும்.
கம்பளத்தில் கறை முழுதாகப் போகவில்லை.
இன்று ஏழு பத்துக்குச் சாப்பிட்டான்,
மிச்சமில்லை.
படம் அனுப்புகிறேன்.
பின்னால் ஜன்னலில் மழை தெரிகிறதா என்று
பார்த்துக்கொள்ளுங்கள்.