பேரிங்

புந்தா அரெனாஸில் காற்றுக்கு ஓய்வுநாள் கிடையாது.
கடைத் தகரத்தை அது உலுக்கி முடித்து
மூச்சு வாங்கும் இடைவெளிகளில்தான்
நான் பேசிப் பதிவு செய்வேன்:
"வணக்கம். இன்று தண்ணீர் வடியாத வாஷிங் மெஷின்."

இரண்டு வருடம். நூற்று நாற்பது வீடியோ.
சந்தாதாரர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
அதில் நான்கு பேர் என் வீட்டிலேயே சாப்பிடுகிறவர்கள்.

அண்ணன் மகன் எவரார்டோ வரைபடத்தைக் காட்டினான்.
நேராக நடந்து வந்த கோடு
மூன்றாம் நிமிடம் பன்னிரண்டாம் நொடியில்
கிணற்றில் குதிக்கிறது.
"மிலென்கா அத்தை, அங்கே என்ன செய்தாய்?"

என்ன செய்வேன்?
வடிகட்டியின் மூடியைத் திருகி
சிக்கியிருந்த நூறு பெசோ நாணயத்தை எடுத்துக் காட்டினேன்.
பார்த்தவர்கள்
அவரவர் நாணயத்தை எடுக்கப் போய்விட்டார்கள்.

"விடையைக் கடைசியில் வை" என்றான்.
"முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து நில்."
நின்றும் பார்த்தேன்.
பல் பிடுங்கும் நாற்காலியில் எடுத்ததுபோல் இருந்தது.
அழித்துவிட்டேன்.
தண்ணீரில் நிற்கிறவனை எப்படிக் காக்க வைப்பது?

பத்து மணிக்கு விடியும் ஜூன் மாதம்
திருமதி ஓயார்சுனின் மெஷின் வந்தது.
இருபத்தாறு வயது. பேரிங் தேய்ந்த கேஸ்.
சோதனைக்கு ஓடவிட்டு, கேமராவை அணைக்க மறந்து
ரொட்டி வாங்கப் போனேன்.
வழியில் ஆள் பிடித்துக்கொண்டார்கள்.
ஐம்பது நிமிடம், யாருமில்லாத கடை.

டொக் உர்ர்
டொக் உர்ர்
இடையில் தகரம்
மறுபடி டொக் உர்ர்

எவரார்டோ கவனிக்காமல் அதையும் ஏற்றிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பதினோராயிரம்.
ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம்.
கோடு விழவேயில்லை,
மேசைபோல் கிடந்தது கடைசி நொடிவரை.
தூங்கத்தான் வருகிறார்கள் என்று பிறகு புரிந்தது.
ஒஸ்லோவில், வால்பராய்சோவில்,
எனக்கு உச்சரிக்க வராத ஊர்களில்
தலையணை ஓரம் என்னை வைத்துக்கொண்டு
கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.
பெயர் என்னவோ பார்வையாளர்கள்.
ஒருவரும் பார்க்கவில்லை.

மற்ற மெஷின்களையும் ஓட்டிப் பதிவு செய்தோம்.
நாகரிகமாக முனகின. யாரும் தூங்கவில்லை.
"இதைத் திருப்பிக் கொடுக்காதே அத்தை,
அந்தம்மாவுக்குப் புதுசு வாங்கிக் கொடு,
இந்தச் சத்தம் உலகத்திலேயே இது ஒன்றில்தான்."
மூன்று வாரமாக அந்தம்மா
கம்பளிகளைக் கையால் பிழிந்துகொண்டிருந்தாள்.
தினமும் போன்.
தினமும் ஒரு பொய் சொன்னேன்:
பாகம் சாந்தியாகோவிலிருந்து கப்பலில் வருகிறது.
பாகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

சத்தம் என்கிறார்கள். நான் மெக்கானிக்,
எனக்கு அது காய்ச்சல்.
இன்னும் இரண்டு மாதம் இப்படித் தூங்கவைத்தால்
அச்சு முறிந்து தொட்டியைக் கிழிக்கும்.

சனிக்கிழமை கேமராவை வைத்தேன்.
பெல்ட்டைக் கழற்றி, கப்பியைக் கழற்றி,
பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளினேன்.
துரு கஞ்சியாக வழிந்தது.
விடையை மூன்றாம் நிமிடத்திலேயே சொன்னேன்.
பிறகு ஓடவிட்டேன்.
காற்று மட்டும் கேட்டது.

அன்றிரவே இரண்டாயிரம் பேர் குறைந்தார்கள்.
எவரார்டோ என்னோடு பேசவில்லை,
ஆனால் மெஷினை வேனில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தான்.

திங்கட்கிழமை திருமதி ஓயார்சுன் போன் செய்தாள்.
பழுது இல்லை. நன்றாகத் துவைக்கிறது. ஆனால்,
என்று இழுத்தாள்,
ராத்திரியில் துணி போட்டுவிட்டுப் படுப்பது வழக்கம்,
இப்போது வீடு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது,
இரண்டு நாளாகக் கண் அசரவில்லை.

பழைய வீடியோ ஒன்று இருக்கிறது என்றேன்.
எங்கே தட்ட வேண்டும், எப்படிச் சேர வேண்டும்
என்று மெதுவாகச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பதிலில்லை.
பிறகு, தயங்கித் தயங்கி,
சந்தா என்றால்
மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள்.