துரு கழித்து

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
ஏ.இ. மேடம் நாற்பது நிமிடம் தாமதம்.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய்ப் போய் முடியும்வரை
மாநகராட்சிப் பள்ளி மூன்றாம் வகுப்பில்
முழங்கால் நுழையாத பெஞ்சுகளில்
எங்கள் தெருவே குந்தியிருந்தது.
கரும்பலகையில்
யாரோ அழிக்க மறந்த ஏழாம் வாய்ப்பாடு.

வந்தார். கோப்பைப் பிரித்தார்.
குழாய் மாற்ற ஒரு தொகை.
அதை மூடித் தெரு போட ஒரு தொகை.
வீட்டுக்கு வீடு இணைப்புக்கு
உங்கள் பங்கு என்று ஒரு தொகை.
கடைசித் தொகையை மட்டும்
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.
பாட்டில் தண்ணீர்.
எல்லோரும் பார்த்தோம்.

தேசப்பன் எழுந்தார்.
"நாலு தபா ரோடு போட்டீங்க,
போட்டது மேலயே போட்டீங்க.
எங்க வாசப்படி மூணு உள்ள பூட்ச்சு.
ஏறிப் போன வூட்டுக்கு இப்ப எறங்கிப் போறேன்,
மழ வந்தா எனக்கு முன்னாடி அது எறங்குது.
அந்தப் படிக்கெல்லாம் யாரு துட்டு குடுப்பா?"

"இந்த முறை சுரண்டிட்டுத்தான் போடுவோம்."

"சுரண்டறது தெரிஞ்சதுதானே" என்றது
பின்பெஞ்சு.
கவுன்சிலரும் சிரித்தார்.
சிரித்து முடித்தபின்
யாரென்று திரும்பிப் பார்த்தார்.

"மோட்டார் போட்டு உறியறவங்களுக்கும்
எனக்கும் ஒரே பங்கா?"
ஃபிலோமினா கேட்டதும்
நான்கு பேர் ஒரே சமயத்தில்
ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் வாடகைக்காரி.
பங்கு வீட்டுக்கார அம்மாவுக்கு.
மாடியிலிருந்து அது வாடகையாய்
என்னிடம் இறங்கிவிடும்,
மோட்டார் வேண்டாம் அதற்கு.
கேட்க நினைத்தேன்.
அந்த அம்மா இரண்டு பெஞ்சு தள்ளி
வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பிறகுதான் மேடம்
சாக்குப்பையை அவிழ்த்தார்.
போன வாரம் தெருமுனையில் தோண்டியதில்
வெட்டியெடுத்த ஒரு முழக் குழாய்.
வெளியே சொம்பின் வாய் அகலம்.
உள்ளே துருமேல் துரு கட்டி
நடுவில்
கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

சத்தம் நின்றது.
பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல்
இரண்டு கைகளால் வாங்கி வாங்கிக் கொடுத்தோம்.
என் முறை வந்தபோது மோந்து பார்த்தேன்.
ராத்திரி மூன்று மணிக்கு
இது வழியாகத்தான் வந்திருக்கிறது
என் நீலக்குடத்தில் பாதி.
இது வழியாகத்தான் சாக்கடையும்.
பிள்ளைக்கு வயிறு போன ஆடி மாதம்
கை அலம்பினியா, அலம்பினியா என்று
நான்தான் அடித்தேன்.

பழைய இரும்புக் கடை ஜபருல்லா
அதை ஒருமுறை தூக்கிப் பார்த்து
தொழில் பழக்கத்தில் சொன்னார்:
"பதினோரு கிலோ வரும்.
துரு கழிச்சா ஆறு."

"அப்டியே கழிங்க மேடம்."
ஃபிலோமினா உட்காரவேயில்லை.
"நாப்பது வருஷமா வரி கட்னோம்,
வராத தண்ணிக்கு.
அத்தக் கழிச்சிட்டு
எங்க பங்கு எவ்ளோன்னு சொல்லுங்க."

மேடம் எழுதிக்கொண்டார்.
எழுதியதை வாசிக்கவில்லை.
முடிவு அடுத்த கூட்டத்துக்கு.
கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது:
பெயர், கதவு எண், சொந்தமா வாடகையா.
கடைசிக் கட்டத்தில்
என் எழுத்து தானாகச் சிறுத்தது.

கேட் மறுபடி மூடியிருந்தது.
மேடத்தின் ஸ்கூட்டரில் கால் வைக்குமிடத்தில்
சாக்குப்பை சரிந்தது.
தேசப்பன்தான் பிடித்து நிறுத்தினார்.
நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"உங்க வூட்ல தண்ணி ஒழுங்கா வருதாம்மா?"

டேங்கர்கள் போய்க்கொண்டேயிருந்தன.
அவர் ஏதோ சொன்னார்.
கேட்கவில்லை.