தொடர்ச்சிப் பிழை

என் வேலை, மறக்காமலிருப்பது.
மெழுகுவர்த்தி எந்தக் கையில் இருந்தது,
எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
குருவின் அங்கியில் மூன்றாம் பொத்தான்
திறந்திருந்ததா இல்லையா.
நேற்று எடுத்த பாதிக் கதவும்
இன்று எடுக்கும் மீதிக் கதவும்
ஒரே கதவுதான் என்று பார்ப்பவர் நம்பவேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

லேயே ஆற்றங்கரையில்
பூசை நின்றுபோன ஒரு கோயிலைப்
பதினொரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம்.
அடுத்த மாதம் அது சுவரேறும் பயிற்சிக்கூடம்.
தூண்களில் பிடிகள் பொருத்துமிடத்தை
ஏற்கெனவே சாக்கட்டியால் வட்டமிட்டிருந்தார்கள்.
வட்டங்களை மறைக்கக் கோணித் துணி தொங்கவிட்டோம்.

தொடரின் மூன்றாம் பகுதி. 1566, ஆகஸ்ட்.
சுரூபங்களை உடைக்க ஊரே திரண்டு வருகிறது.
ஊர் என்றால்
நாளுக்குத் தொண்ணூறு யூரோவுக்கும் மதியச் சூப்புக்கும்
வந்து சேர்ந்த நாற்பது பேர்:
தபால்காரி, கசாப்புக் கடைக்காரர்,
நீலச் சாயமடித்த முடியை முக்காட்டுக்குள் ஒளித்த மாணவி,
ஒருவர் பெயருக்கு மற்றவர் கையெழுத்துப் போடும் இரட்டையர்.
கைக்கடிகாரங்களையெல்லாம் காலையில் வாங்கி
பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டினேன்.

மாதாவைச் செய்தது ரோஸ்லின்டே.
நுரையின்மேல் சுண்ணம் பூசி, ஏழு பிரதி.
ஏழிலும் இடது இமை சற்றே தாழ்ந்திருந்தது.
வேண்டுமென்றா, என்று கேட்டேன்.
அச்சு அப்படி விழுந்துவிட்டது என்றாள்.

முதல் அடி ஓடிலுக்கு.
தகரத் தொழிற்சாலையில் முப்பது வருடம்;
சுத்தியல் பிடிக்க யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.
முதல் டேக்கில் தலை அழகாக விழுந்தது,
சுவரில் மைக்கின் நிழலும் விழுந்தது.
இரண்டில் உருண்டுபோய் விளக்குக் காலில் முட்டியது.
மூன்றில் தபால்காரி சிரித்துவிட்டாள்.
நான்கில் மழை. எங்கள் குழாய் மழை அல்ல, நிஜமானது,
ஆகவே உதவாதது.
ஐந்தில், 'கட்' வருவதற்குள்,
அடித்த அதே கையால் ஓடில்
நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டார்.

"ஐயா, இந்தக் காட்சியில் உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது."
"எனக்கு எப்போதுமே கிடையாது" என்றார் ஓடில்.
"கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை."

ஆறு.
ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார்.
ஒரு மூச்சு. இரண்டு.
பின்னால் நாற்பது பேரும் நின்றுவிட்டார்கள்,
யாரும் சொல்லாமல்.
வெளியே ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
பிறகு, உள்ளே ஆளிருக்கிற கதவைத் தட்டுவதுபோல,
ஒரு தட்டு.
கழுத்தில் மயிரிழைக் கீறல். அவ்வளவுதான்.

"அதுதான்! அதேதான்!"
இயக்குநர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
"இன்னொரு முறை. அப்படியே தயங்குங்கள்."

ஏழாவதில் ஓடில் தயங்கினார்.
தயங்குகிற ஆளைப்போலத் தயங்கினார்.
மாதாக்கள் தீர்ந்துபோனார்கள்.

ஆக, ஆறு.
ஆனால் ஆறில்
சட்டைக் கை சரிந்து, ஓங்கிய மணிக்கட்டில்
தோல்வாருடன் ஒரு கடிகாரம்.
நாலு இருபது.
நாலு மணி மாத்திரைக்காக என்னிடம் கேட்டு வாங்கியதுதான்,
திருப்பித் தர அவரும் மறந்தார்,
கேட்க நானும்.

அரை நொடிதான். மானிட்டரில் நான் மட்டும் பார்த்தேன்.
பிழை என்று எழுதினால் குப்பைக்குப் போகும்,
ஏழாவது ஒளிபரப்பாகும்.
பேனா சற்று நேரம் தாளிலேயே நின்றது, மை ஊறியது.
பதினெட்டு வருடத்தில் என் முதல் பொய்:
'ஆறு. பொருந்துகிறது.'

தலை விழுவதை முதல் டேக்கிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒளிபரப்பு.
கோர்ட்ரைக்கிலிருந்து ஒரே ஒரு கடிதம்,
சதுரக் கோட்டுத் தாளில், நிறுத்தி எழுதிய எழுத்து:
பதினாறாம் நூற்றாண்டில் கைக்கடிகாரமா?
இதைக் கவனிக்க உங்களிடம் ஒருவருமில்லையா?

கவனித்தேன் ஐயா, என்று தொடங்கினேன்.
அடித்துவிட்டேன்.
இதற்கென்று அச்சடித்த மன்னிப்புத் தாள்
அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது.
அதில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.