சுழி

மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமை
விலையை யாரும் வாயால் சொல்வதில்லை.
துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கிறார்கள்.
மூன்று விரலை அழுத்தினால் மூவாயிரம்,
நாலாவதைப் பாதியில் விட்டால் அரை.
பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு மட்டும் தெரியும்.

துண்டுக்கு அடியில் கிடப்பதைத்தான்
நான் அட்டவணையாக்கப் போனேன்.

சங்கத்தில் பதினெட்டாயிரம் பேசினார்கள்.
கையில் ஐந்து. மிச்சம் நம்பிக்கை.

கொக்கிரகுளத்தில் மாடி அறை,
விசிறி சுற்றினால் திரை நடுங்கும் மடிக்கணினி.
யார், யாரைப் பற்றி, என்றைக்கு, என்ன குறி.
கூட்டல் என்றால் சொன்ன நாளில் பணம் வந்தது.
கழித்தல் என்றால் வரவில்லை,
அல்லது சினை என்று விற்ற ஆடு சினை இல்லை.
இரண்டுக்கும் மனம் வராதவர்களுக்குச் சுழி.

மாட்டுத் தரகர் பூலுடையார் எட்டிப் பார்த்தார்.
"எந்தச் சுழியச் சொல்லுதீரு வே?
முதுகுல கெடந்தா ராசி. இடம் மாறிக் கெடந்தா
வாங்குனவன் வீட்டுல விளக்கு எரியாது."
"இது வெறும் பூஜ்யம் அண்ணாச்சி."
"வெறுஞ்சுழின்னு ஒண்ணு கிடையாது"
என்று டீயை ஆற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதல் மாதம் எல்லாரும் எல்லாரையும் கூட்டினார்கள்.
மச்சானுக்கு மச்சான் ஏழு கூட்டல், ஒரே ராத்திரியில்.
அடுத்த மாதம் கழிக்கத் தொடங்கினார்கள்.
கல்யாணப் பந்தியில் எழுப்பிவிட்டதற்கு ஒன்று.
"பார்வை சரியில்லை" என்று ஒன்று;
குறித்தவருக்கு இடக்கண்ணில் புரை.

பிறகு, கழித்ததை அழிக்கத் தொடங்கினார்கள்.
அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம்.
அழித்தாலும் வரி போகாது,
சாம்பல் நிறத்தில் அங்கேயே நிற்கும்,
யார் அழித்தது, எத்தனை மணிக்கு என்று.
செயலாளர் நயினார் முகமது எழுந்து நின்று கைதட்டினார்.

ஆட்டுக்காரி துரைச்சிக்கு
எழுபது கூட்டல், ஒரே ஒரு சாம்பல்.
வரி எண் நானூற்றுப் பன்னிரண்டு.
பணம் வரவில்லை. குறித்தவர் செய்யது மசூது.
அன்றிரவே பதினொன்று நாற்பதுக்கு அழித்திருக்கிறார்.

மாடிப்படி ஏறி வந்தாள்,
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னைக்கு எம் மவன் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில.
ராவுல மசூது பாய் வந்தாவ.
துட்டு கேக்கத்தான் வாராவன்னு நெனச்சேன்.
பொணவறை வாசல்ல விடியுற மட்டும் நின்னாவ.
நடுவுல ஒருக்க போன எடுத்து
என்னத்தையோ அமுக்குனாவ.
அது இதுதானாக்கும்?"

பிறகு கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தாள்.

"வாரவன் பூரா கேக்கான், அந்தச் சாம்பல் என்னன்னு.
செவ்வாய்க்குச் செவ்வாய் எம் புள்ள செத்தத
சொல்லிச் சொல்லித்தான் ஆடு விக்கணுமா?"

என் அட்டவணையில் காரணத்துக்குக் கட்டம் இல்லை.
வாசலுக்கும் இல்லை.

மசூது பாய்க்குப் போன் போட்டேன்.
பின்னால் ஆடுகள் கத்தின.
"நான்தான் அழிச்சிட்டம்லா,
நீ எதுக்குப்பா எழுதி வச்சிருக்க?"

ராத்திரி உள்ளே போய்
கையாலேயே அந்த வரியை எடுத்தேன்.
யாராலும் முடியாதபடி நான் கட்டிய பூட்டு அது;
சாவி என்னிடம்தான் இருந்தது, அதைப் பற்றி
எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

இப்போது நானூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு
நானூற்றுப் பதின்மூன்று.
எண்ணிப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

நயினார் முகமது எண்ணிப் பார்க்கிறவர்.
மறு செவ்வாய் சந்தை நடுவில்
என் கையை இழுத்து, தோள் துண்டை மேலே போட்டு,
ஒரு விரலை மட்டும் அழுத்தினார்.

மிச்சப் பணமா, கேள்வியா தெரியவில்லை.
நானும் ஒரு விரலை அழுத்தினேன்.
பக்கத்தில் நின்றவன்
துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.