தொண்ணூற்று நாலு புள்ளி எட்டு

ஹித் கப்பல் பட்டறையின் ஸ்டோரில்
நாற்பத்திரண்டு வாக்கிகளுக்கும்
காது வைத்தவன் நான்தான்.
கேபிளைச் சொருகி, 'ரீட்' அழுத்தி,
பழைய கம்பெனி விட்டுப்போன சேனல்களைத் துடைத்து,
ஒன்றில் கிரேன், இரண்டில் பெயின்ட்,
மூன்றில் தீயணைப்பு.
பதினாறாவதை யாருக்கும் கொடுக்கவில்லை.
குமிழ் அங்கே வந்தால் ஊமையாகக் கிடக்கட்டும்.

அலைவரிசை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் சாரம் கட்டுகிறவர்களுக்கும்
அதே நானூற்று ஐம்பத்தொன்று புள்ளி மூன்று ஏழு ஐந்து.
லைசென்ஸ் யாருடையது என்று கேட்டால்
இரண்டு கம்பெனியும் கடல் பக்கம் பார்க்கும்.
அதனால்தான் கோட்.
எங்களுக்குத் தொண்ணூற்று நாலு புள்ளி எட்டு,
அவர்களுக்கு நூற்று முப்பத்தொன்று புள்ளி எட்டு.
பேச்சுக்கு அடியில் ஓடும் ஒரு ரீங்காரம்,
மனுஷக் காதுக்குப் பிடிபடாது.

மெனுவில் அதற்கு 'பிரைவசி கோட்' என்று பெயர்.
ஃபோர்மேன் ரொமுலோ அந்தப் பெயரை நம்புகிறார்.
நம்பித்தான் மேனேஜரைத் திட்ட
ஏழாம் சேனலுக்குப் போகிறார்.
அது உங்கள் குரலைப் பூட்டாது சார்,
உங்கள் காதைத்தான் பூட்டும் என்று
இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

வியாழன் இரவு,
இரண்டாம் டாக்கில் ப்ரொப்பெல்லர் தொங்குகிறது.
கீழே தில் பகதூர் பொத்தானை அழுத்துகிறான்,
பீப் பீப் என்று மறுக்கிறது வாக்கி.
மேலே குல் நவாஸ்
ஏற்றவா இறக்கவா தெரியாமல்
லீவரிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.
ஸ்டோரில், அணைக்காமல் சார்ஜரில் நின்ற
பன்னிரண்டிலும் பச்சை விளக்கு.
கண் சிமிட்டாத பச்சை.
சத்தம் இல்லை.

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
கோட் விலகியது.
தமிழ்.

"அப்படி இல்லட்டி. சம்பளம் வந்துட்டு,
பேங்க்லதான் ஏதோ நிக்குது.
பீஸ் திங்கக்கெழமைன்னு சிஸ்டர்ட்ட சொல்லு..."
அந்தக் கம்பெனியில் மூன்று மாதமாகச் சம்பளமில்லை.
பட்டறை நாய்க்கும் தெரியும்.
"சளிதாம்டீ. ரூம்ல ஏசி சாஸ்தி."
அவள் பேசுவது வாக்கியில் விழவில்லை.
அவள் பேசும்போது ஒரு மின்விசிறி மட்டும்
கடகடவென்று கேட்டது.
நடுவில் ஏதோ லாரிக்காரனிடம் "கேட் பாஸ், கேட் பாஸ்",
பிறகு மறுபடி அவளிடம்.

டைம் அவுட் வைத்திருந்தால்
அறுபதாம் நொடியில் தானே அறுத்திருக்கும்.
எவனோ வைக்கவில்லை.
அவன் கம்பெனியில் எல்லாருக்கும் கேட்டிருக்கும்,
வங்காளிகளுக்குப் புரியாது,
மலையாளிகளுக்குப் பாதி.

சைக்கிளை மிதித்து நாலாம் கேட்டுக்குப் போனேன்.
நாற்காலிக் கைப்பிடிக்கும் இடுப்புக்கும் நடுவே
நசுங்கிக் கிடந்தது வாக்கி.
பேட்ஜில் அந்தோணிமிக்கேல்.
போன் இன்னும் காதில்.
என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்தான்.
கூப்பிட வாயைத் திறந்தேன்,
"அண்ணே" என்று நாக்கு நுனிவரை வந்தது.

"பாயி, பேட்டரி கராப் ஹை" என்றேன்.
"இதர் தோ. தஸ் மினிட்."

எழுந்தான். பொத்தான் விடுபட்டது.
டாக்கிலிருந்து தில் பகதூரின் குரல் பாய்ந்து வந்தது
என் இடுப்பில்: "ஸ்லோ, ஸ்லோ, நீச்சே."
அவன் என் முகத்தில் ஊர் தேடினான்.
கிடைக்கவில்லை போலும்.
"ஷுக்ரியா பாயி" என்று நீட்டிவிட்டு
போனுக்குத் திரும்பினான்:
"யாருமில்ல, ஒரு இந்திக்காரன்."

ஸ்டோருக்குக் கொண்டுவந்து கேபிளைச் சொருகினேன்.
டைம் அவுட், அறுபது.
கோடைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மெஸ் வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கிறான், தட்டோடு.
இருமல் இன்னும் போகவில்லை.
பின்னாலிருந்து எங்கள் ஆள் கத்துகிறான்:
"எலே தவசி, ரசம் இருக்கா பாரு!"
நான் திரும்பவில்லை.