ஈரப்பதம் எண்பத்து நான்கு

பதினோரு நாளாக டிஸ்க் வாய் திறக்கவில்லை.
குமாரகோவில் ரோட்டில் எங்கள் சோதனைக்கூடம்,
ஏசி இருபத்து நான்கில்.
மோட்டார் சுற்றுகிறது, பேட் பிடிக்கிறது, விடுகிறது.
மைக் வரையும் படத்தில்
மே மாதத்து வள்ளியாறு போல் ஒரு கோடு.

கிளீட்டஸ் அண்ணன் தினமும் கூப்பிடுகிறார்:
"கண்டுபிடிச்சாச்சா பிள்ளே?
காலம்பற இரணியல் ஸ்டேஷன் வளைவுல
பன்னி அறுக்குற மாதிரியாக்கும் கத்துது.
சவாரி ஏறினவங்க என் மூஞ்சியப் பாக்குறாங்க."
வலது சக்கரத்துக்குப் புதுசு மாட்டிக் கொடுத்தோம்.
இடது கத்துகிறதாம்.
கழற்றி வந்த வலது இங்கே,
இன்ஸ்பெக்ஷன் நாளில் முதல் பெஞ்சு போல
கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது.

கத்துவது என்றால் என்ன?
ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எழுதியாயிற்று.
டிஸ்குக்கு ஒரு அதிர்வு, பேடுக்கு வேறொன்று,
தனித்தனியாய் இருக்கும்வரை இரண்டும் ஊமை.
உராய்வு நடுவில் புகுந்து
இதன் எண்ணை அதன் பக்கம் நகர்த்தும்.
ஒட்டிக்கொண்டால் போயிற்று,
ஓடும் சக்கரத்திடமே தீனி வாங்கி
ஒன்றை ஒன்று ஊதிப் பெருக்கும்.
இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள்.
தட்டக்கூட வேண்டாம்,
அணைத்து இழுத்தால் போதும்.

அதிர்வின் அளவு,
ஒரு தலைமுடியை நூறாக வகிர்ந்தால் அதில் ஒன்று.
அதற்குத்தான் ரயில் பிடிக்கப் போகிறவர்கள்
காதைப் பொத்துகிறார்கள்.
இத்தனைக்கும் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.
கத்திக்கொண்டே சரியான இடத்தில் நிற்கிறது.

கடைசியில்தான் கேட்கத் தோன்றியது:
"அண்ணே, கார் ராத்திரி எங்க நிக்கும்?"
"வீட்டுச் சந்துல கேறாது பிள்ளே.
குளச்சல்ல, வலைக்கூடத்துப் பக்கம்,
கடலப் பாத்துக் கிடக்கும்."

டிஸ்கையும் பேடையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன்,
ஒரு ராத்திரி பானெட்மேல் கிடக்கட்டும் என்று.
காலை ஐந்தே முக்காலுக்கு
காலி மீன்பெட்டியில், சாளை வாடையோடு,
திரும்பி வந்து இறங்கியது.
இரும்பின்மேல் கட்டஞ்சாயா நிறத்தில் ஒரு படலம்.
விரலில் ஒட்டியது.
யாரும் பார்க்கவில்லை, நாக்கில் வைத்தேன். உப்பு.

தாணுமூர்த்தி ஏசியை அணைத்து
ஜன்னல் ஏழையும் திறந்து வைத்தார்.
மணிக்குப் பத்து கிலோமீட்டர். எட்டு பார் அழுத்தம்.
முதல் பிடி, ஒன்றுமில்லை.
இரண்டாவது, தொண்டையைச் செருமியதுபோல் ஏதோ.
மூன்றாவதில்
கத்தியது.
திரையில் ஒற்றைக் குச்சியாய் நிமிர்ந்தது
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ஹெர்ட்ஸ்.
நான் கைதட்டியது எனக்கே கேட்கவில்லை.

தாணுமூர்த்தி ஒரு ரப்பர்மரக் கம்பை எடுத்து
பேடின் முதுகில் அழுத்தினார். நின்றது.
எடுத்தார். கத்தியது.
அழுத்தினார். எடுத்தார்.
ரிட்டையர்மெண்டுக்கு நாலு மாதம் இருக்கிற மனிதர்,
போதும் என்று நான் சொல்லும்வரை விடவில்லை.

பேடின் இரண்டு ஓரத்திலும்
மூன்று மில்லிமீட்டர் சாய்த்துச் சீவினோம்.
எண்கள் தள்ளிப் போய் நின்றுகொண்டன,
பேச்சு வார்த்தை இல்லை.
'காரணம்' என்ற இடத்தில்
குளச்சல் காற்று என்று எழுதிக் கொடுத்தேன்.
ஐடா மேடம் சிவப்பு மையால் அடித்துவிட்டு,
ஈரப்பதம் 84 சதவீதம், குளோரைடு படிவு, என்று திருத்தினார்.
சரிதான்.
ஆனாலும் அடித்த கோட்டுக்கு அடியில்
நான் எழுதியதைப் படிக்க முடிகிறது.

ஞாயிறு பூசை முடிந்து கிளீட்டஸ் அண்ணன் போன்:
"சத்தம் போச்சு பிள்ளே, சுத்தமாப் போச்சு.
இப்ப டிக்கிக்குள்ள என்னமோ ஒண்ணு
கடகடன்னு கிடக்குது.
முந்தி இது கேட்டதே இல்ல, கேட்டியா."

பேனாவைத் தேடினேன்.
"எந்த வேகத்துல அண்ணே?"